டோக்கன்

வின்ச் வயர் அறுந்தது ஒரு சனிக்கிழமை, விடிவதற்கு முன்.
கரைக்கு வர நாலரை மணி நேரம்.
மதுரையில் மண்டை எலும்பை உள்ளங்கை அளவு வெட்டியெடுத்து
வயிற்றுத் தோலுக்கடியில் வைத்துத் தைத்தார்கள்.
கெட்டுப்போகாமல் இருக்க, என்றாள் நர்ஸ்.
எனக்கு ஐஸ் பெட்டி ஞாபகம் வந்தது.
வெட்கமாயிருந்தது.
மூன்று மாதம்
தன் தலையின் ஒரு துண்டை வயிற்றில் சுமந்தார் கஸ்பார்,
பிள்ளைத்தாச்சிபோல்
ஒருக்களித்துப் படுத்து.

தடைக்காலம் மாதிரி என்றுதான் நினைத்தேன்.
அறுபத்தொரு நாள்.
வலை பொத்தி, பலகைக்குப் பெயிண்ட் அடித்து,
பிறகு ஒரு ராத்திரி
எல்லாப் படகும் ஒன்றாய்க் கிளம்புமே, அப்படி.

சொற்கள் திரும்பித்தான் வந்தன.
கொண்டல் காற்றில் இழுபட்டு
ஏதோ ஊர்த் துறையில் ஒதுங்கிய வள்ளங்களாக.
உப்பு வேண்டுமென்றால் ‘வியாழக்கிழமை கொண்டா’ என்பார்.
செருப்புக்கு ‘மாமா’.
எனக்கு ‘டோக்கன்’.

மீன்துறை ஆபீசில் டோக்கன் வாங்காமல்
தங்கச்சிமடத்து விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது.
அதை வைத்து நானாக ஓர் அர்த்தம் கட்டிக்கொண்டேன்.
பேச்சுப் பயிற்சிக்கு வரும் பெண்ணிடம் சொன்னபோது
அதிலே அர்த்தமெல்லாம் இல்லக்கா, என்றாள்.
இருக்கட்டும்.

‘ஆள் நல்லாத் தேறிட்டாரே’
என்கிறார்கள் பூசை முடிந்து வரும்போது.
தழும்பை முடி மூடிவிட்டது.
கோயில் மணி அடித்தால்
காதைப் பொத்திக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிடுவதை
மணியோடு சேர்த்து மறந்துவிடுகிறார்கள்.
கருவாட்டு வாடை அவருக்குத் தெரியாது இப்போது.
காஸ் கசிந்த அன்று அடுப்படியிலேயே
தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார்.
சின்னவனை ஒருநாள் அடித்தார்,
எதற்கென்று மறந்து
அவனோடு சேர்ந்து அழுதார்.

முகாமுக்கு முந்தின இரவு
மகள் அக்சீலியா அப்பாவுக்குப் பாடம் எடுத்தாள்.
கிழமை, தேதி, மாவட்டம்,
நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்து.
அவள் கேட்டது அப்பா ஜெயிக்க வேண்டுமென்று.
வேண்டாம் என்று சொல்ல
எனக்கு வாய் வரவில்லை.

ராமநாதபுரத்தில் வரிசை வேப்பமரம் வரைக்கும் நின்றது.
கஸ்பார், என்று கூப்பிட்டார்கள்.
என்ன கிழமை? செவ்வாய்.
தொண்ணூத்தி மூணு. எண்பத்தாறு.
எழுபத்தொம்பது.
மாதாவே, ஒன்றில், ஒன்றே ஒன்றில் தவறட்டும்
என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.
இந்த வாயால்தான்
பதினான்கு மாதமாக வேறு மாதிரி வேண்டினேன்.

டாக்டர் பேனாவை என் பக்கம் நீட்டினார்.
‘இவங்க யாரு?’
கஸ்பார் என்னைப் பார்த்தார்.
மின்விசிறி கடகடவென்று சுற்றியது.
பார்த்துக்கொண்டே இருந்தார்,
இருட்டில் கரைவிளக்கைத் தேடுகிறவர் கண்ணால்.

‘பிலோமி’ என்றார். ‘என் வீட்டுக்காரி.’

முப்பத்தைந்து சதவீதம், என்று எழுதினார் டாக்டர்.
நாற்பது இருந்தால்தான் மாசாமாசம் பணம்.
என் பெயரின் விலை அந்த ஐந்துதானோ என்று
கணக்குப் பார்த்தேன், பாவி.
அழுகை வந்தது. எதற்கு வந்ததென்று
நானும் சொல்லத் தெரியாதவளாய் நின்றேன்.

‘பாஸா?’ என்று கேட்டார் பஸ்ஸில்.
பாஸ், என்றேன்.
உச்சிப்புளியில் கடலைமிட்டாய் வாங்கித் தந்தார்,
மீதிச் சில்லறையை வாங்க மறந்து.
மண்டபம் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டார்.
அவ்வளவு சொல்லுக்கு அவ்வளவு களைப்பு.
எலும்பு சரியாகப் பொருந்தாத அந்தப் பள்ளம்
என் தோளில் அழுந்தியது.

பாம்பன் பாலத்தில் கச்சான் காற்று
சன்னல் வழியே அடித்ததும் முழித்தார்.
‘டோக்கன்’ என்றார்.
ம், என்றேன்.
‘தண்ணி.’
தண்ணீரைத் தண்ணீர் என்றே கேட்டார்.

மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் இருக்கிறது.
அடுத்த முறை தெரிந்ததையும்
தெரியாதென்று சொல்லப் பழக்க வேண்டும்.
யார் பழக்குவது?
பஸ் ஸ்டாப்பில் அக்சீலியா நிற்பாள்,
பள்ளிக்கூடம் விட்டு நேராக வந்து,
எத்தனை மார்க் என்று கேட்க.